உன் அம்மாவுக்குப் புரையேறிய நாட்கள்

செல்வத்துக்கு அப்பா எழுதுவது.

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். இந்த முறை அதை விட்டுவிடுகிறேன். நீ நன்றாகத்தான் இருக்கிறாய் என்பது ஞாயிற்றுக்கிழமை போனில் நீ போட்ட சத்தத்திலேயே தெரிந்துபோயிற்று. "ஏம்பா, அம்மாவுக்குத் தண்ணிகூட குடுக்க மாட்டேங்கறியாமே? அத்த சொல்லி அழுவுது. வாயத் தெறக்கவே பயப்படுதாம். நீ இன்னா மனுஷன்பா?" என்று கேட்டாய். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் லைன் போய்விட்டது. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். நீ தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண்பிள்ளை நிதானமாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். கல்வராயன் மலையில் சிக்னல் கிடைக்கிற வளைவுக்கு நீ மறுபடி எப்போது நடந்து வருவாயோ தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன். இதில் ஒரு சௌகரியமும் இருக்கிறது. போனில் நீ குறுக்கே பேசுவாய், நான் கத்துவேன். கடிதத்தில் நான் சொல்லி முடிக்கும்வரை நீ வாயை மூடிக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

முதலில் நீ கேட்ட கேள்விக்குப் பதில். ஆமாம், உன் அம்மாவுக்கு நான் தண்ணீர் கொடுப்பதில்லை. மற்றவர்கள் கொடுக்க வந்தாலும் விடுவதில்லை. இனிமேலும் விடமாட்டேன். ஏன் என்பதை ஒழுங்காகச் சொல்கிறேன். இதை ஒளித்து வைத்துப் படிக்க வேண்டாம். உன்னோடு தங்கியிருக்கிற வாத்தியார்கள் கேட்டால் கொடு. அத்தை கேட்டால் நீயே போனில் வாசித்துக் காட்டு. எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. வெட்கப்பட்டுக்கொண்டு இருந்தால் இன்னொரு வீட்டில் இதே கூத்து நடக்கும்.

அன்று காலையில் உன் அம்மா மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். நான் கரும்புத் தோகையைக் கழித்துவிட்டு வந்து கை கால் கழுவினேன். உரித்த கடலைப் பருப்பு முறத்தில் விழாமல் தரையில் விழுந்துகொண்டிருந்தது. என்ன இது என்று திரும்பிப் பார்த்தால் வாய் ஒரு பக்கமாக இழுத்திருக்கிறது. வலது கை மடியில் கிடக்கிறது. ஏதோ சொல்ல வருகிறாள், வாய்க்குள் கூழாங்கல்லைப் போட்டுக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் பித்தம் என்றார்கள், வாயு என்றார்கள், சோடா வாங்கி வரச் சொன்னார்கள். எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. உன் பள்ளிக்கூடத்தில் டாக்டர்கள் வந்து பேசினார்கள் என்று சொல்லி, "வாய் கோணுனாலோ, கை தொங்குனாலோ, பேச்சு கொழறுனாலோ ஒரு நிமிஷம் யோசிக்காதப்பா, நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடு" என்று நீ ஒருநாள் எங்கள் இரண்டு பேருக்கும் பாடம் நடத்தினாய் இல்லையா? வாத்தியார் வேலையை வீட்டிலும் ஆரம்பித்துவிட்டான் என்று அப்போது கிண்டல் செய்தேன். அந்தப் பாடம்தான் அவளைக் காப்பாற்றியது. எதிர்வீட்டுக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குப் பறந்தோம். தியாகதுருகம் தாண்டும்வரை அவள் இடது கையால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

மூளையில் ரத்தக்கட்டி அடைத்திருக்கிறது, நேரத்தோடு வந்துவிட்டீர்கள், அதைக் கரைக்க ஊசி இருக்கிறது, ஆனால் ரத்தம் கசிகிற ஆபத்தும் உண்டு, போடலாமா என்று கேட்டார்கள். போடுங்கள் என்றேன். அதற்கப்புறம் நடந்தது உனக்கே தெரியும். நீ மலையிலிருந்து இறங்கி ஓடி வருவதற்குள் அவள் வலது கையைத் தூக்கிவிட்டாள். உன்னைப் பார்த்ததும் "சாப்டியாடா" என்று கேட்டாள். கொஞ்சம் குழறினாலும் அது உன் அம்மா கேட்கிற அதே கேள்வி. நீ அழுதாய், நானும் அழுதேன். நாம் இரண்டு பேரும் தப்புச் செய்ய ஆரம்பித்தது அந்த இடத்தில்தான். கை வந்துவிட்டது, பேச்சு வந்துவிட்டது, இனிமேல் என்ன என்று நினைத்துவிட்டோம். ஊசி கட்டியைக் கரைக்கும். கட்டி அடைத்திருந்த நேரத்தில் எதெல்லாம் சோர்ந்துபோனதோ அதெல்லாம் மெதுவாகத்தான் திரும்பும். கை சோர்ந்தால் கண்ணுக்குத் தெரிகிறது. தொண்டை சோர்ந்தால் யாருக்குத் தெரியும்?

வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸம்மா சொன்னார்கள், பொய் சொல்ல மாட்டேன். நிமிர்த்தி உட்கார வைத்துக் கொடுங்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள், தண்ணீர் குடிக்கும்போது இருமல் வந்தால் உடனே கூட்டி வாருங்கள் என்றார்கள். நான் சரிம்மா சரிம்மா என்று தலையாட்டிக்கொண்டே வாசலில் ஆட்டோ வந்துவிட்டதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாத்திரையை மட்டும் வேளை தவறாமல் கொடுத்தேன். மாத்திரை கொடுத்தால் போதும், நான் பெரிய யோக்கியன் என்று நினைப்பு.

நீ லீவு முடிந்து மலைக்குப் போன பிறகு ஊரே பார்க்க வந்தது. நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியாததா? உடம்பு சரியில்லாதவரைப் பார்க்க வந்தால் பார்த்துவிட்டுப் போனால் போதாது, வாயில் எதையாவது ஊற்றிவிட்டுத்தான் போக வேண்டும். திருக்கோவிலூரிலிருந்து வந்தவர்கள் சாத்துக்குடியைப் பிழிந்தார்கள். மூங்கில்துறைப்பட்டுச் சொந்தக்காரர்கள் ஹார்லிக்ஸ் கலக்கினார்கள். உன் அத்தை தினமும் இளநீரோடு வருவாள். "ரெண்டு மொடக்கு என் கையால குடிச்சாதான் எனக்கு மனசு ஆறும்" என்பாள். உன் அம்மாவும் யார் மனத்தையும் நோகடிக்காதவள், சாய்ந்து படுத்தபடியே எல்லோருக்கும் வாயைத் திறந்து காட்டினாள். குடித்ததும் புரையேறும்.

புரையேறினால் நம் வீட்டில் என்ன செய்வோம்? உச்சந்தலையில் தட்டுவோம், "மேல பாரு, மேல பாரு" என்போம், யாரோ நினைக்கிறார்கள் என்போம். அத்தை தட்டிக்கொண்டே, "யாரு, செல்வமா? செல்வந்தான் நெனச்சிக்கினு இருக்கான்" என்பாள். இருமல் நிற்கும். உன் பெயரைச் சொன்னதும் நின்றுவிட்டதல்லவா, அப்படியானால் நீயேதான். உன் அம்மாவின் முகத்தில் அப்போது ஒரு சந்தோஷம் வரும் பார், கோணின வாய்கூட நேராகிவிட்ட மாதிரி இருக்கும். ஒருநாள் அவளுக்குப் புரையேறி நாங்கள் உன் பெயரைச் சொல்லி முடிக்கவும், நீ அந்த வளைவுக்கு வந்து போன் பண்ணவும் சரியாக இருந்தது. அத்தை கைதட்டிச் சிரித்தாள். "பாத்தியா? நாஞ் சொல்லல?" என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். நீ அன்றைக்கு என்று பார்த்துத்தானா போன் பண்ண வேண்டும்? அதற்குப் பிறகு யார் சொன்னாலும் எங்களுக்கு ஏறியிருக்காது.

உனக்கு மலை மேல் வேலை கிடைத்ததிலிருந்து உன் போனுக்காக ஏங்கிக்கொண்டே இருப்பவள் அவள். வாரத்தில் பாதி நாள் உன் குரல் கேட்காது. அந்த நாட்களில் புரையேறினால் அவளுக்கு அது உன்னிடமிருந்து வந்த சேதி. எனக்கும்தான். தம்ளரில் தண்ணீரை வைத்துக்கொண்டு, "குடி, உம் புள்ள இன்னா செய்யறான்னு பாக்கலாம்" என்று நானே விளையாட்டுக்குச் சொல்லியிருக்கிறேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன், நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

பிறகு சளி பிடித்தது. காய்ச்சல் லேசாக வந்து வந்து போயிற்று. அத்தை கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப் போட்டாள். நான் மிளகு ரசம் வைத்துக் கொடுத்தேன், எனக்குத் தெரிந்த சமையல் அது ஒன்றுதான். அதைக் குடித்தும் புரையேறியது. ஒரு காலைப் பொழுதில் எழுப்பினால் எழவில்லை. கண்ணைத் திறக்கிறாள், மூடிக்கொள்கிறாள், மூச்சு கொதிக்கிற உலை மாதிரி களகளவென்று சத்தம் போடுகிறது. ஆம்புலன்ஸில் மறுபடியும் அதே ஆஸ்பத்திரி, அதே வாசல். போன தடவை கையைத் தூக்கிக் கும்பிட்டுவிட்டு நடந்து வந்த வாசல் அது. உன்னிடம் அப்போது நெஞ்சுச் சளிக்கு மருந்து வாங்கப் போனோம் என்று மட்டும்தான் சொன்னேன்.

இந்த முறை ஒரு டாக்டரம்மா பார்த்தார்கள், உன் வயதுதான் இருக்கும். "மறுபடியும் வாதம் வந்திருக்கான்னு பாத்துட்டோம், அது இல்ல. தண்ணி, கஞ்சி குடிக்கும்போது இவங்களுக்கு இருமல் வருமா?" என்று கேட்டார்கள். நான் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். "இருமல்லாம் இல்ல டாக்டரம்மா. பொரையேறும். மலையில பையன் வாத்தியாரா இருக்கான், அவன் நெனைச்சிக்கினே இருப்பான்." அந்தப் பெண் என்னையே பார்த்தார்கள். திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். "ஐயா, உங்க பையன் நெனைக்கட்டும், நல்லதுதான். ஆனா இது அது இல்லங்க. தொண்ட சரியா மூடல. ஒவ்வொரு தடவையும் குடிச்சது நுரையீரலுக்குப் போயிருக்கு. அது சீழ் பிடிச்சிருக்கு. இன்னொருவாட்டி இப்படி ஆச்சுன்னா தாங்க மாட்டாங்க" என்றார்கள்.

செல்வம், எத்தனை தடவை தலையில் தட்டியிருப்பேன், எத்தனை தடவை மேலே பார்க்கச் சொல்லியிருப்பேன். தலையை மேலே தூக்கினால் மூச்சுக்குழாய்க்கு வழி இன்னும் நன்றாகத் திறந்துகொள்ளுமாம். அவள் மூச்சுக்குத் திணறியபோது நான் உன் பெயரைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். மூக்கு வழியாகக் குழாய் போட்டார்கள். அதை அவள் பிடுங்கிவிடாமல் இருக்க, கையில் துணி சுற்றிக் கட்டிலில் கட்டினார்கள். என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பார்வைக்குப் பயந்து நான் வராந்தாவில் போய் உட்கார்ந்துகொண்டேன். பிறகு எனக்கே என்மேல் கோபம் வந்தது. வராந்தாவில் உட்கார்ந்து என்ன ஆகப்போகிறது என்று எழுந்து உள்ளே போய், "இவளுக்கு வாயாலயே சோறு குடுக்கணும். அதுக்கு நான் இன்னா கத்துக்கணும், சொல்லுங்க" என்று கேட்டேன்.

கற்றுக்கொடுத்தார்கள். விழுங்கப் பழக்குவதற்கென்றே ஒரு அம்மா வருவார்கள். நான் அவர்கள் பின்னாலேயே சுற்றினேன். முதுகு நேராக உட்கார வைக்க வேண்டும். முகவாயை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தச் சொல்ல வேண்டும், மேலே அல்ல. சின்னக் கரண்டியில் பாதி. விழுங்கியதும் வெறும் வாயோடு இன்னொரு முறை விழுங்கச் சொல்ல வேண்டும். "ஆ" சொல்லச் சொல்லிக் குரலைக் கேட்க வேண்டும். குரல் ஈரமாகக் கரகரத்தால் நிறுத்திவிட வேண்டும். வலது கன்னத்தில் சோறு ஒதுங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வாயைச் சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும். சாப்பிட்டதும் படுக்கவிடக் கூடாது, டிவியில் ஒரு நாடகமாவது ஓடி முடிய வேண்டும். நீராக ஓடுகிற எதுவும் கூடாது. தண்ணீர் அவள் உடம்புக்கு வேண்டும், ஆனால் தண்ணீராகக் கூடாது. மரவள்ளி மாவு போட்டுக் கெட்டியாக்கிக் கரண்டியில் கொடுக்க வேண்டும். ஆகவே அத்தையிடம் சொல், நான் அவளைத் தாகத்தில் போடவில்லை. தண்ணீரைச் சமைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

எந்தப் பதம் என்று அவர்கள் விளக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. கரண்டியைச் சாய்த்தால் ஒழுகக் கூடாது, சொட்டுச் சொட்டாக இறங்க வேண்டும் என்றார்கள். வெல்லம் காய்ச்சியவனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா? பாகு எப்போது ஒழுகும், எப்போது சொட்டும், எப்போது கட்டிக்கொள்ளும் என்று கொப்பரைப் பக்கத்தில் நின்று பார்த்த கண் இது. நீ ஏழாவது படிக்கும்போது மழைக்குப் பயந்து அவசரமாகத் தீயைக் கூட்டி ஒரு கொப்பரைப் பாகையே கருக்கினேன், ஞாபகம் இருக்கிறதா? உன் அம்மா அப்போது ஒரு வார்த்தைதான் சொன்னாள், "பதறின காரியம் செதறும்னு சும்மாவா சொன்னாங்க." இப்போது அடுப்பில் கேழ்வரகு மாவைக் கிண்டும்போது அவள் அந்தப் பக்கம் உட்கார்ந்து கண்ணாலேயே தீயைக் குறைக்கச் சொல்கிறாள். நான் குறைக்கிறேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் சொல்லி நான் கேட்கிற முதல் காரியம் இதுதான் என்று நினைக்கிறேன்.

குழாயை எடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆனால் டாக்டரம்மா ஒன்று சொல்லி அனுப்பினார்கள். இப்படியே ஊட்டி, நெஞ்சில் சளி கட்டாமல் இருந்தால் மெல்ல மெல்லத் தொண்டை தேறும். தேறாவிட்டால் வயிற்றில் ஓட்டை போட்டுக் குழாய் வைக்க வேண்டியிருக்கும். மறுபடி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே உத்தரவாதம் இல்லை. இதைக் கேட்டுவிட்டு வந்தவன் வாசலில் இளநீரைப் பார்த்தால் எப்படி இருக்கும், சொல். அத்தை சொம்போடு நின்றாள். நான் வாசற்படியில் குறுக்கே நின்றேன்.

"தள்ளுடா, பாவம் நாக்கு வறண்டு கெடக்கறா."

"குடுக்கக் கூடாதுக்கா."

"நான் அவளுக்கு வெஷமா குடுக்கறேன்? நீ இன்னா பெரிய டாக்டரா?"

"வெஷந்தான்கா. அவளுக்கு இப்ப அது வெஷந்தான்."

அந்த வார்த்தையைக் கொஞ்சம் பதமாகச் சொல்லியிருக்கலாம். என் வாய் உனக்குத் தெரியும். அவள் சொம்பை அங்கேயே கவிழ்த்துவிட்டு, என் கையால் கொடுத்தது விஷமா என்று அழுதுகொண்டே போனாள். அன்றிலிருந்து கட்டின பெண்டாட்டிக்குத் தண்ணீர் தராத பாவி என்று ஊருக்குள் எனக்குப் பெயர். மணலூர்பேட்டை டீக்கடையில் நான் போய் உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. நிற்கட்டும். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. என் வேலை உன் அம்மாவின் தொண்டையைப் பார்ப்பது. எனக்கு அந்தப் பேச்சையெல்லாம்விடக் கஷ்டமாக இருந்தது உன் அம்மா கேட்டதுதான். நல்ல வெயில் நேரத்தில் பானையைக் காட்டி, "ஒரே ஒரு மொடக்கு தாங்க. யாருக்கும் சொல்லமாட்டேன்" என்றாள். முடியாது என்றேன். ஈரத்துணியால் உதட்டைத் துடைத்துவிட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நீங்க எனக்கு வாச்சது என் தலையெழுத்து" என்றாள். நான் மோட்டார் கொட்டகைக்குப் போய், மோட்டாரைப் போட்டுவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மாவைக் கரைத்தேன்.

இப்போது அத்தை உன்னிடம் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் நான் கரும்புக்குத் தண்ணீர் கட்டப் போயிருந்தபோது அவள் பின்வாசல் வழியாக வந்திருக்கிறாள். இளநீரை வாய்கிட்டே கொண்டுபோயிருக்கிறாள். உன் அம்மா உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு தலையை ஆட்டிவிட்டாள். நான் அடித்து மிரட்டி வைத்திருக்கிறேன், அதனால்தான் வாயைத் திறக்கப் பயப்படுகிறாள் என்று அத்தை முடிவுகட்டி உனக்குப் போன் போட்டுவிட்டாள். நீயும் நம்பிவிட்டாய். உன் அம்மா என்றைக்கடா எனக்குப் பயந்தாள்?

நான் வந்ததும் அவளே சொன்னாள். "அக்கா வந்து எளநி குடுத்தாங்க. வேணான்னுட்டேன்." ஏன், ஆசையாகத்தானே கேட்டாய் அன்றைக்கு என்றேன். "எனக்கு அந்தக் கொழா இன்னொருவாட்டி வேணாங்க" என்றாள். பிறகு, "பொரையேறலன்னா அவன் நெனைக்கலன்னு ஆயிடுமான்னு ஒரு நாள் பூரா யோசிச்சிக்கினு இருந்தேன். நெனைக்கலன்னாலும் பரவால்லங்க. நான் இருந்தா போதும், அவன் வருவான் இல்ல" என்றாள். அதைக் கேட்டு நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். பயந்தவள் பேசுகிற பேச்சா இது? என்னைவிட உறுதியாக இருப்பவள் அவள்தான். நான் வாசலில் நின்று அத்தையைத் தடுத்தேன். அவள் தாகத்தோடு உட்கார்ந்து, வாய்கிட்டே வந்த இளநீரைத் தடுத்திருக்கிறாள். எது பெரிது, நீயே சொல்.

நீ போனில் இன்னொன்றும் சொன்னாய், லைன் போவதற்கு முன்னால். மாற்றல் கேட்டு எழுதிப் போடப்போகிறேன், கிடைக்காவிட்டால் வேலையை விட்டுவிட்டு வருகிறேன், அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாய். கோபத்தில் சொன்னது என்று தெரியும். ஆனாலும் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம். அந்த மலையில் வாத்தியார் வந்து நிற்பதே பெரிய விஷயம் என்று நீதான் சொல்வாய். உன் அம்மா அங்கே வந்தபோது பஸ்ஸில் வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்தாள், ஆனால் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாமைச் சோறு தின்றுவிட்டு, அவர்கள் உன்னை சார் சார் என்று கூப்பிட்டதை இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறாள். அவளுக்காக என்று சொல்லி அதை நீ விட்டுவிட்டு வந்தால் அவளுக்குச் சந்தோஷமாகவா இருக்கும்? தியாகம் செய்கிறவன் வீட்டில் மற்றவர்கள் தலைகுனிந்தே நடக்க வேண்டும் தம்பி. எங்களுக்கு அது வேண்டாம்.

நாளைக்கு உனக்கும் கல்யாணம் ஆகும், பிள்ளைகள் வரும். அப்போதைக்குமாகச் சேர்த்து ஒன்று சொல்கிறேன். நினைப்பதை நாம் பெரிதாக வைத்திருக்கிறோம். யாரோ எங்கோ நினைத்தால் இங்கே ஒருவருக்குப் புரையேறுகிறது என்று நம்புகிற ஜாதி நாம். அதை நான் கேலி செய்யவில்லை, அதில் எங்களுக்கு எவ்வளவு சந்தோஷம் இருந்தது என்று சொன்னேனே. ஆனால் நினைப்பு தானாக ஒரு வேலையும் செய்வதில்லை. அத்தைக்கு உன் அம்மாமேல் உயிர், அந்த உயிரால்தான் இளநீரை ஊற்றினாள். எனக்கு மட்டும் என்ன, பாசம் இல்லாமலா ரசம் வைத்தேன்? பாசத்தில் குறையே இல்லாமல் அவளைச் சாவின் வாசல்வரை கொண்டுபோய் விட்டோம். அவளை இங்கே நிறுத்தி வைத்திருப்பது பாதிக் கரண்டி, குனிந்த தலை, அவசரப்படாத கை, இவ்வளவுதான். உன் பெண்டாட்டிக்கு நாளை உடம்புக்கு வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து உருகாதே. என்ன செய்ய வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அதைச் செய். நர்ஸ் சொல்லும்போது ஆட்டோவைப் பார்க்காதே.

இப்போது எப்படி இருக்கிறாள் என்று கேட்பாய். காய்ச்சல் இல்லை. நெஞ்சு சுத்தமாக இருக்கிறது என்று போன தடவை காட்டப் போனபோது டாக்டரம்மா சொன்னார்கள். களியை நன்றாக மசித்து, கீரைக் கடைசலோடு ஒரு கிண்ணம் முழுக்கச் சாப்பிடுகிறாள். உப்பு கம்மி, காரம் ஜாஸ்தி என்று குறை சொல்கிறாள், அதைக் கேட்க எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது தெரியுமா? இன்னும் தண்ணீருக்கு உத்தரவு வரவில்லை. வரும்வரை காத்திருப்போம். வராமலே போனாலும் கெட்டியாகவே குடித்துக்கொண்டு இருப்பாள். நாங்கள் இரண்டு பேரும் அதற்குத் தயாராகிவிட்டோம்.

ஆனால் ஒரு கவலை இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். நேற்று வரப்பில் நடக்கும்போது எனக்குக் கொஞ்சம் தலை சுற்றியது. ஒன்றும் இல்லை, வெயில்தான். பிரஷர் பார்த்துக்கொண்டேன், மாத்திரை போடுகிறேன், நீ பதறாதே. ஆனால் அந்த வரப்பிலேயே உட்கார்ந்து யோசித்தேன். இந்த வீட்டில் அவளுக்கு ஊட்டத் தெரிந்த கை ஒன்றுதான் இருக்கிறது. நான் காய்ச்சலில் படுத்தால் அவளுக்கு யார்? பட்டினி கிடப்பாள், இல்லையென்றால் பாசக்காரர்கள் யாராவது வந்து தண்ணீரை ஊற்றுவார்கள். அத்தையிடம் நானே போய் மன்னிப்புக் கேட்டுக் கூட்டிவந்து உட்கார வைத்துக் கற்றுக்கொடுக்கப் போகிறேன். அவள் கை நடுங்குகிற கை, இருந்தாலும் கற்றுக்கொள்வாள். ஆனால் முதலில் நீ.

இந்த சனிக்கிழமை காலை பஸ்ஸுக்கே இறங்கி வா. சண்டை போட வேண்டுமானால் சாப்பாட்டுக்கு அப்புறம் போடலாம். மதியம் நீதான் ஊட்டப்போகிறாய், நான் பக்கத்தில் நின்று பார்ப்பேன். தேன், சாமை, பழம், ரொட்டி என்று வழக்கம்போல எதையும் தூக்கிக்கொண்டு வராதே. வெறுங்கையோடு வா. அந்தக் கைதான் எங்களுக்கு வேண்டும்.

அப்பா